கடைமுத்திரை மின்சாதனங்கள் வாங்கத்தக்கனவா?

வீடு கட்டும் குடும்பத்தலைவர் சிமெண்டு வாங்குமுன் நான்கு பேரைக் கலந்துகொள்கிறார். இரும்புக் கம்பி வாங்குமுன் கொத்தனாரைக் கேட்கிறார். கதவுக்குரிய மரத்தைத் தட்டிப் பார்க்கிறார். ஆனால் வேலை முடியும் தறுவாயில், கையிருப்புக் கரைந்துபோன பின்னர், ஸ்விட்ச், சாக்கெட், ஹோல்டர், விளக்கு ஆகியவற்றை வாங்கக் கடைக்குச் செல்லும்பொழுது அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இவற்றுள் விலை குறைந்தது எது?" கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் தம் கடையின் பெயரையோ, தமக்குச் சரக்கனுப்பும் மொத்த வியாபாரியின் பெயரையோ தாங்கிய சாமானாகவே இருக்கும். விளம்பரங்களில் நாம் காணும் பெயர்களைக் காட்டிலும் அதன் விலை மிகக் குறைவு. பெரிய அங்காடி நிறுவனங்களும், இணையவழியில் விற்பனை செய்வோரும் இவ்வாறே தத்தம் பெயரில் மின்சாதனங்களை விற்று வருகின்றனர்.

இத்தகைய சரக்கை இக்கட்டுரையில் கடைமுத்திரைச் சரக்கு என்று குறிப்பிடுவோம். அதை வாங்கலாமா, ஆகாதா என்னும் கேள்வி பள்ளியில் பௌதிகம் போதிக்கும் ஆசிரியரிடமும், வீடுதோறும் செல்லும் களப்பணியாளரிடமும் வந்து சேர்கிறது. அவர்கள் வழக்கமாக அளிக்கும் விடை, "பெயர்பெற்ற கம்பெனியின் சாமானையே வாங்குங்கள்" என்பது. சொல்பவருக்கு இவ்விடை பாதுகாப்பானது. கேட்டவருக்கோ பெரும்பாலும் பயனற்றது. பணமுள்ளவர் இக்கேள்வியைக் கேட்கவே மாட்டார். பணமில்லாதவர் விடையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மலிவான சரக்கையே வாங்கிச் செல்வார். எந்தச் சாமானை மலிவாக வாங்கினால் கேடில்லை, எதை வாங்கினால் வீட்டுக்கே கேடு என்பதைப் பிரித்துச் சொல்வதே அவருக்கு உதவும். அவ்வாறு பிரித்துச் சொல்ல இயலும் என்பதும், அதற்குப் பள்ளிப் பௌதிகமே போதும் என்பதும் என் கருத்து.

இதனை ஆராய்வதற்குப் பொழியூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், அரபிக்கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் அது. சற்று வடக்கே பூவாறு என்னுமிடத்தில் நெய்யாறு கடலில் கலக்கிறது. தெற்கே தமிழ்நாட்டின் நீரோடி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றமையால் இங்கே எல்லை வகுக்கப்பட்டது. இருபுறமும் உறவுமுறையினரே வாழ்கின்றனர். ஒருபுறம் கேரள மின்வாரியமும் மறுபுறம் தமிழக மின்பகிர்மானக் கழகமும் மின்சாரம் வழங்குகின்றன. கடைத்தெருவுக்கு மட்டும் எல்லை கிடையாது. பாறசாலை, களியக்காவிளை, கொல்லங்கோடு, நெய்யாற்றின்கரை என்று எங்கு வேண்டுமாயினும் சென்று வாங்குவர். பெரிய வேலையானால் திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளம் வரை செல்வர். எந்தக் கடையில் எந்தப் பெயரில் விற்றாலும், அச்சாமான் இறுதியில் வந்து நிற்பது கடற்காற்றின் முன்னிலையில்தான். உள்நாட்டில் நெடுங்காலம் மறைந்து கிடக்கும் குறை இக்கரையில் சில மழைக்காலங்களுக்குள் வெளிப்பட்டுவிடுகிறது. மின்சாதனங்களுக்கென இயற்கையே அமைத்த பரிசோதனைச்சாலை என்று இதனைக் கூறலாம்.

இவ்வட்டாரத்தில் நான் கண்ட வீடு ஒன்றைக் குறிப்பிடுவது இங்கே பொருந்தும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கடைமுத்திரையில் வாங்கிய சாமான்களே வீடெங்கும் பொருத்தப்பட்டிருந்தன. கூடத்தில் கைபேசிக்கு மின்னேற்றப் பயன்பட்ட சாக்கெட் புதியது போலவே இருந்தது. சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பு செருகப்பட்ட சாக்கெட்டோ முகம் பழுத்து, ஒரு துளையைச் சுற்றிலும் இளகி உருக்குலைந்திருந்தது. "ஒன்று நல்லதாகவும் ஒன்று கெட்டதாகவும் வந்துவிட்டது" என்று வீட்டுக்காரர் அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட்டார். கழற்றிப் பார்த்தபோது இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒரே அளவு மெலிந்தவை என்பது தெரிந்தது. வேறுபாடு சாக்கெட்டில் இல்லை. அதன் வழியே சென்ற மின்னோட்டத்தில் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 வாட் அடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. பிளக்கின் ஊசியும் சாக்கெட்டின் உள்தகடும் இறுக்கமாகப் பற்றாமல், அவ்விடத்தில் 0.3 ஓம் அளவு மின்தடை நேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது அவ்விடத்தில் தோன்றும் வெப்பம். விடை ஏறத்தாழ 23 வாட். ரேடியோ பழுதுபார்ப்போர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோல் 25 வாட்டே என்பதை நினைவுகொள்க. அடுப்பு எரியும் நேரமெல்லாம் சுவருக்குள் ஒரு சூட்டுக்கோலைச் சொருகி வைத்ததற்கு ஒப்பாகும் இது.

அதே பழுதடைந்த இணைப்பின் வழியே 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று எரிகிறது என்க. மின்னோட்டம் 0.04 ஆம்பியர், விளக்கினுள் அமைந்த மின்சுற்றின் இயல்பால் அது இருமடங்காகிறது என்று தாராளமாகவே கொண்டாலும் 0.08 ஆம்பியர். வெப்பம் ஒரு வாட்டில் ஐந்நூற்றில் ஒரு பங்கேயாகும். முன்னதற்கும் பின்னதற்கும் பதினோராயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! மின்னோட்டம் வர்க்கமாக வந்து பெருகுவதே இதற்குக் காரணம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர் ஜூல் விதியைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்கின்றனர். அவ்விதி அவர்தம் சமையலறைச் சுவரில் நாள்தோறும் நடந்துகொண்டிருப்பதை யாரேனும் எடுத்துக் காட்டினால் அதனை ஒருக்காலும் மறவார்.

ஆகவே, வீட்டிலுள்ள மின்முனைகளை இரு கூறாக்குதல் வேண்டும். விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, கைபேசி ஆகியவை ஒரு கூறு. அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, வெந்நீர்ச் சாதனம், நீரேற்றும் மோட்டார், குளிர்ப்பெட்டி ஆகியவை மற்றொரு கூறு. முதற்கூற்றில் முறையான தரமுத்திரை பெற்ற கடைமுத்திரைச் சாமான் தாராளமாகப் போதும். இரண்டாம் கூற்றில், கையில் எடுத்துச் சோதித்து உறுதிசெய்துகொள்ளாத எதனையும் பொருத்தலாகாது. ஒரு சிறு வீட்டில் முதற்கூற்று முனைகள் பதினைந்து இருபது இருக்கலாம். இரண்டாம் கூற்று முனைகள் மூன்று நான்கைத் தாண்டுவது அரிது. ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. வீடு முழுவதற்கும் உயர்ந்த சாமான் வாங்க வேண்டியதில்லை. அந்த மூன்று நான்கு இடங்களில் செலவழித்தால் போதும். நடைமுறையில் நிகழ்வதோ நேர்மாறு. விருந்தினர் கண்ணில் படும் கூடத்தில் பளபளக்கும் விலையுயர்ந்த ஸ்விட்சுகளும், யாரும் காணாத சமையலறையில் எஞ்சிய மலிவுச் சரக்கும் பொருத்தப்படுகின்றன.

கடைமுத்திரை என்பதனாலேயே ஒரு பொருள் தாழ்ந்ததாகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே பெருஞ்சான்று உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற உஜாலா திட்டத்தில், மத்திய அரசின் சார்பில் ஈ.ஈ.எஸ்.எல். என்னும் நிறுவனம் எல்.இ.டி. விளக்குகளைப் பல தொழிற்சாலைகளிலிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்து மக்களுக்கு வழங்கியது. 2014 தொடக்கத்தில் ஒரு விளக்குக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மக்களுக்கு 9 வாட் விளக்கு 70 ரூபாயளவில் கிடைத்தது. 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. கேரளத்திலும் 2021-இல் 'பிலமெண்ட் இல்லாக் கேரளம்' என்னும் திட்டத்தின்கீழ் மின்வாரியமே வீடுகளுக்கு 9 வாட் விளக்குகளை விற்றது. செய்தவர் ஒருவர், பெயரிட்டு விற்றவர் வேறொருவர் என்ற அளவில் இவையும் கடைமுத்திரை விளக்குகளே அல்லவா? மலிவாக இருந்தும் அவை பயன்பட்டமைக்குக் காரணம், வாங்கியவர் இன்ன தரம் வேண்டுமென்று முன்னரே வகுத்து, பழுதானால் மூன்றாண்டுகளுக்குள் மாற்றித் தர வேண்டுமென்றும் நிபந்தனை விதித்ததேயாகும். தனியார் வாணிபத்திலும் ஒரே தொழிற்சாலை பலருக்குச் செய்து தருவது இயல்பு. டில்லியை அடுத்த நொய்டாவிலுள்ள டிக்ஸன் நிறுவனம் பிலிப்ஸ் முதலிய பெயர்களுக்கு விளக்குகள் செய்து கொடுத்துள்ளது.

இதனைக் கேட்டுச் சிலர், "எல்லாம் ஒரே தொழிற்சாலையில் ஆவதே, பெயருக்காகப் பணம் கொடுப்பானேன்?" என்று மறுகோடிக்குச் சென்றுவிடுவர். அதுவும் பிழை. ஒரே அடுக்களையில் சமைத்தாலும் விருந்துக்கு ஒரு சாதமும் கூலியாளுக்கு ஒரு சாதமும் வடிப்பவர் உண்டு. கொடுக்கும் விலைக்கேற்பத் தகட்டின் கனமும், மின்தேக்கியின் தரமும், சோதனையின் கண்டிப்பும் மாறும். கடைமுத்திரையின் உண்மையான குறையோ இதனினும் ஆழமானது. இவ்வாண்டு ஒரு தொழிற்சாலையில் வாங்கிய கடைக்காரர் அடுத்த ஆண்டு பத்துக் காசு மலிவாகத் தரும் வேறொரு தொழிற்சாலைக்கு மாறிவிடுவார். உறையும் பெயரும் மட்டும் மாறா. "பக்கத்து வீட்டில் நான்காண்டு உழைத்தது" என்னும் சாட்சியம் இதனால் செல்லாக்காசாகிவிடுகிறது. உழைத்தது அந்தப் பெயரன்று. அன்றைக்கு அதனைச் செய்த தொழிற்சாலை.

அந்தத் தொழிற்சாலையை எவ்வாறு அறிவது? பாமரரும் அறிவதற்கு வழி இருக்கிறது, பயன்படுத்துவோர்தாம் குறைவு. இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் 1947-இல் நிறுவப்பெற்று, 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்கும் உரிமை பெற்றது. இன்று அப்பணியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆற்றுகிறது. பி.வி.சி. உறையிட்ட கம்பிகளுக்கும் வீட்டு ஸ்விட்சுகளுக்கும் 2003-ஆம் ஆண்டு ஆணையால் இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. முத்திரையின் மேலே தர எண் இருக்கும்: கம்பிக்கு ஐ.எஸ். 694, ஸ்விட்சுக்கு ஐ.எஸ். 3854, பிளக் சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293. முத்திரையின் கீழே சி.எம்./எல். என்ற எழுத்துகளுடன் உரிம எண் இருக்கும். எல்.இ.டி. விளக்குகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பதிலாக ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், 'ஆர்' என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் காணப்படும். இந்த உரிம எண்ணையோ பதிவெண்ணையோ அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைபேசிச் செயலியில் இட்டால், உரிமம் பெற்றவர் யார், எந்த ஊரில் செய்கிறார், உரிமம் இன்னும் நடப்பில் உள்ளதா என்பவை வெளிப்படும். கடையின் முன் நின்றுகொண்டே ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். எண்ணே இல்லாத முத்திரை, முத்திரையன்று, வெறும் சித்திரம்.

பெயர்பெற்ற சரக்கையே வாங்கச் சொல்லும் அறிவுரையின் மற்றொரு பலவீனத்தையும் இங்கே கூறிவிடுகிறேன். போலி செய்பவன் பெயர்பெற்றதையே போலி செய்வான். ஊர்ப்பேர் தெரியாத கடைமுத்திரையைப் போலி செய்து அவனுக்கு ஆவதொன்றுமில்லை. விலை குறைத்துக் கிடைக்கும் பெரிய பெயரைக் காட்டிலும், உரிம எண் சரியாகப் பொருந்தும் சிறிய பெயர் நம்பத்தக்கது.

எண் சரியாயிருப்பினும் கடற்கரையில் அது மட்டும் போதாது. கடற்காற்றில் மிதந்துவரும் உப்புத்துகள் சுவரிலும் ஸ்விட்சிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைக் கடந்தால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆனி, ஆடி மாதங்களில் பொழியூர் வீட்டுச் சுவர்களைத் தொட்டவர் இதனை விரலாலேயே அறிவர். இவ்வுப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும்.

மலிவான சாக்கெட்டிலும் ஹோல்டரிலும் பித்தளையால் ஆக வேண்டிய தகடும் திருகாணியும் பல வேளைகளில் இரும்பால் ஆகி, மேலே பித்தளைப் பூச்சு மட்டும் பெற்றிருக்கும். புதிதாக இருக்கும்போது கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பூச்சில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும், அவ்விடத்தில் உப்புநீர் சேர்ந்தால், பித்தளையும் இரும்பும் இரு தகடுகளாக ஒரு சிறு மின்கலமே அமைந்துவிடுகிறது. டேனியல் மின்கலத்தில் துத்தநாகம் கரைந்து செம்பு காக்கப்படுவது போல, இங்கே இரும்பு கரைந்து பித்தளை காக்கப்படுகிறது. பூச்சில்லாத இரும்பைவிடப் பூச்சு கிழிந்த இரும்பு அவ்விடத்தில் விரைந்து அரிக்கப்படுவது இதனால்தான். கூரைக்கிடும் துத்தநாகப் பூச்சுத் தகடு இதற்கு நேர்மாறானது. அதில் பூச்சு தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. துருவேறிய திருகாணி தளர்கிறது, இணைப்பின் மின்தடை ஏறுகிறது. மேலே கண்ட 0.3 ஓம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதுவே விடை.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு: ஒரு சிறு காந்தம். பித்தளையைக் காந்தம் இழுக்காது. பூச்சிட்ட இரும்பை இழுத்துக்கொள்ளும். கடையில் சாமானை வாங்குமுன்பே, அதன் பின்புறத் திருகாணிகளிலும், துளைக்குள் தெரியும் தகட்டிலும் காந்தத்தைக் காட்டிப் பார்க்கலாம். (சுவரில் பொருத்திய சாமானில் இச்சோதனையை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது, அதனைக் கழற்றும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது.) ஸ்விட்சினுள் இருக்கும் சுருள்வில்லும், சட்டத்தைச் சுவரில் இறுக்கும் ஆணியும் இரும்பாக இருப்பது குற்றமன்று, மின்சாரம் செல்லும் பகுதி இரும்பாயிருப்பதே குற்றம். கடைக்காரர் சினம் கொள்வாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தம் சரக்கில் நம்பிக்கையுள்ள வியாபாரி காந்தத்தைக் கண்டு நகைப்பாரேயன்றி முகம் சுளிக்க மாட்டார்.

கம்பிக்கு வேறொரு சோதனை. ஸ்விட்ச் பழுதானால் மாற்றிவிடலாம். சுவருக்குள் பதித்த கம்பியை மாற்றச் சுவரையே உடைக்க நேரிடும். ஆதலின் மலிவு பார்க்கத்தகாத பொருள்களுள் கம்பியே முதலாவது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி ஒரு மீட்டர் நீளத்தில் கணக்குப்படி 13 கிராமுக்குச் சற்று மேல் செம்பைக் கொண்டிருத்தல் வேண்டும். தரவிதி பரப்பை அளவாகக் கொள்ளாது மின்தடையையே அளவாகக் கொள்வதால், நல்ல செம்பாயின் 12 கிராம் அளவுக்கு இறங்கினாலும் பழுதில்லை. 9, 10 கிராமே நிற்குமாயின் கம்பி மெலிந்தது. 5, 6 கிராமுக்கு இறங்கினால் அது செம்பே அன்று, செம்புத்தோல் போர்த்த அலுமினியம். கத்தியால் சுரண்டினால் வெண்மை தெரியும். பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் உறை நீக்கிய ஒரு மீட்டர் கம்பியை நிறுத்துப் பார்ப்பது ஒரு வகுப்பு நேரத்துள் முடியும் காரியம். 90 மீட்டர்ச் சுருள்களைச் சுவருக்குள் புதைக்குமுன், ஒரு மீட்டர் துண்டைக் கொண்டுவந்து ஆசிரியரிடம் நிறுத்துக் கேட்கும் வழக்கம் ஊரில் ஏற்படுமானால், அவ்வாய்வுக்கூடம் வைத்ததன் பயன் அன்றே கிட்டிவிடும்.

விளக்குகளைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டுவதில்லை என்றேன். ஏமாறாதிருக்கச் சில சொற்கள் மட்டும். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றித் தரும் ஒளியின் அளவன்று. ஒளியை லூமென் கணக்கில் உறைமேல் பார்க்க வேண்டும். வாட்டுக்கு 100 லூமென் தரும் 9 வாட் விளக்கு 900 லூமென் தரும். வாட்டுக்கு 70 தருவதோ 630-ஐத் தாண்டாது. இரண்டும் ஒரே மின்கட்டணத்தையே உண்டாக்கும். ஆயினும், 60 வாட் பழைய குமிழை அகற்றி எந்த 9 வாட் விளக்கை இட்டாலும், நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரியும் வீட்டில் ஆண்டுக்கு 93 யூனிட் மிச்சமாகும் என்பதால், மலிவு விளக்கும் தன் விலையைத் தானே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எல்.இ.டி. விளக்கில் முதலில் சாவது பெரும்பாலும் ஒளிதரும் சில்லு அன்று. மின்சாரத்தைப் பதப்படுத்தும் சுற்றிலுள்ள மின்தேக்கி. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். உப்புக்காற்றுக்கு அஞ்சி விளக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் முற்றும் மூடி வைப்போர் அதனை வெப்பத்தால் கொல்கின்றனர். வெளித்திண்ணைக்கு அதற்கெனவே செய்த மூடிய விளக்கை வாங்குவது நன்று. மாணவர் படிக்கும் மேசைக்கு வாங்கும் விளக்கை மட்டும் கைபேசிப் படக்கருவியின் வழியே ஒருமுறை பார்த்துவிடுக. திரையில் கரும்பட்டைகள் தெளிவாக ஓடினால், அவ்விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது என்று பொருள். அதனைக் கழிப்பறைக்கு மாற்றிவிடலாம்.

ஹோல்டரைப் பற்றி முன்னோர் கொண்ட அச்சம் இன்று பாதி தீர்ந்துவிட்டது. 60, 100 வாட் குமிழ்கள் எரிந்த காலத்தில் அவற்றின் சூடு ஹோல்டரைக் கருக்கியது, எல்.இ.டி. விளக்கில் அச்சூடு இல்லை. காந்தச் சோதனையில் தேறிய மலிவு ஹோல்டர் போதும்.

ஆனால் மின்கசிவு கண்டு தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சாதனத்தில் மலிவுக்கு இடமே இல்லை. ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் உடலில் 30 மில்லி ஆம்பியர் பாய்வதற்குள் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய பொருள் அது. ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் நடப்பிலுள்ள உரிமமும் இன்றி அதனை வாங்குதல், ஓட்டைப் படகுக்குப் புதிய வர்ணம் பூசுவதை ஒக்கும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் வீடுகள் எத்தனை என்று களப்பணியாளர்கள் தம் சுற்றில் கேட்டுப் பார்க்கட்டும், விடை வியப்பூட்டும்.

பல முனைகள் கொண்ட நீட்டிப்புப் பெட்டியையும் விடுதற்கில்லை. நான்கு சாக்கெட்டுகள் கொண்ட மலிவுப் பெட்டி ஒன்று, கூடத்தில் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் பயன்படும்வரை தீங்கற்றது. மழைநாளில் இஸ்திரிப்பெட்டியும் அதிலேயே ஏறும்பொழுது, முதற்கூற்றுச் சாமான் யாரும் அறியாமலே இரண்டாம் கூற்றுக்கு மாறிவிடுகிறது. கடைக்காரரையோ தொழிற்சாலையையோ இதில் நாம் குறைகூற முடியாது.

வியாபாரிகளிடமும் ஒரு சொல். கடைமுத்திரை இடுவது உங்கள் உரிமை. செய்தவர் பெயரையும் முகவரியையும் உறையில் அச்சிடுவது 2011-ஆம் ஆண்டுப் பொதிப்பொருள் விதிகளின்படி உங்கள் கடமை. இருபது சாக்கெட்டுகள் கொண்ட பெட்டியைப் பிரித்து, உறையின்றி ஒவ்வொன்றாக விற்கும்பொழுது அப்பெயர் வாங்குபவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. பெட்டியை ஒருமுறை காட்டுவதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

வாங்குபவரும் ரசீதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ரசீது கேட்டால் வரி கூடுமென்று சொல்லி அதனைத் தவிர்ப்பது இவ்வட்டாரத்தில் பழகிப்போன வழக்கம். ரசீதின்றி வாங்கிய விளக்குக்கு ஈராண்டு உத்தரவாதம் என்று உறையில் அச்சிட்டிருப்பது வீண். அந்த ரசீதின் பின்புறத்தில் சாமானின் உரிம எண்ணைக் குறித்து, கடற்காற்றுப் படாதவாறு பிளாஸ்டிக் உறையிலிட்டு மின்கட்டண அட்டையுடன் வைத்துக்கொள்க. அடுத்த முறை அதே பெயரில் சாமான் வாங்கும்பொழுது அவ்வெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் மாறியிருந்தால், பெயர் பழையதாயினும் சாமான் புதியது. காந்தத்தை மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டியதுதான்.